நான் காட்டிய இடம்

மயிலாப்பூரில் வளர்ந்தவர்களில் சிலருக்கு ஒரு வியாதி பிடிக்கும். பாடகர் ஆலாபனையில் இரண்டு பிடி பிடிப்பதற்குள் ராகத்தின் பெயரைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சரியாகச் சொன்னால் கேன்டீன் காபி இனிக்கும். தப்பாகப் போனால், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுகிற கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போய்விடலாம். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்தது. என் சங்கீதப் படிப்பு சரளி வரிசை, ஜண்டை வரிசை, அப்புறம் நாலைந்து கீதம். அதற்குள் வாத்தியார் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார், எங்களிடம் மட்டும் புது முகவரியைச் சொல்லாமல். ஆனால் சபாவில் ராகத்தின் பெயரைச் சொல்கிறவனிடம் யார் சர்டிபிகேட் கேட்கிறார்கள்?

இந்தக் கைமுதலை எடுத்துக்கொண்டுதான் ஹிந்துஸ்தானி பக்கம் போனேன். முதலுக்கே மோசம் வந்தது.

என்னை அங்கே இழுத்துவிட்டது ஒரு ரயில்வே ஸ்டேஷன். அப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், கணக்குப் பிரிவில் வேலை. தாம்பரத்தில் ஏறி சிங்கப்பெருமாள்கோவிலில் இறங்கினால் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். பஸ் வரும்வரை பிளாட்பாரத்தில் வேர்க்கடலை கொறிப்பது, தோலை ஊதுவது, ஊதிய தோல் யார் சட்டையில் ஒட்டுகிறது என்று பார்ப்பது. இப்படிக் காலம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பழைய பத்திரிகையில் படித்தேன்: உஸ்தாத் அப்துல் கரீம் கான் உயிர் விட்டது இந்த ஸ்டேஷனில்தான்.

1937 அக்டோபர் 27. மெட்ராஸிலிருந்து பாண்டிச்சேரிக்கு, அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் நெஞ்சு வலி. சிங்கப்பெருமாள்கோவிலில் இறக்கினார்கள். படுக்கையை விரிக்கச் சொன்னார், தம்பூராவைச் சேர்க்கச் சொன்னார், தர்பாரியில் கலிமாவைப் பாடினார், பாடியபடியே போய்விட்டார் என்றுதான் சிஷ்யர்கள் வழியாக வந்த கதை சொல்கிறது. வயது 64. வடநாட்டு சங்கீதத்தில் ஒரு கரானாவுக்கே, அதாவது ஒரு பாணிப் பரம்பரைக்கே, முகமாக இருந்த மனிதர், மீட்டர் கேஜ் லைனில், தனக்குத் தெரியாத பாஷை பேசுகிற ஊரில் இப்படி முடிந்திருக்கிறார். அதே பிளாட்பாரத்தில் நான் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது உண்மை. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. நாளைக்கு ரயிலில் இதைச் சொன்னால் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள் அல்லவா? கான் சாகிபைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததே அதற்காகத்தான் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

1872இல் பிறந்தவர். உத்தரப் பிரதேசத்தில், முசாபர்நகர் பக்கம் கைரானா என்ற சிற்றூர். கிரானா கரானாவுக்குப் பெயர் கொடுத்தது அந்த ஊர்தான். இளம் வயதிலேயே பரோடா சமஸ்தானத்தில் பாடகர். அங்கே அரச குடும்பத்துக்கு உறவான தாராபாய் மானேயைக் காதலித்து, இரண்டு பேருமாக ஊரை விட்டே கிளம்பிவிட்டார்கள். பிறகு பம்பாய், மிரஜ், பூனா. 1913இல் பூனாவில் ஆர்ய சங்கீத வித்யாலயம் என்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1922இல் தாராபாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவரை விட்டுப் போனார். பிள்ளைகளின் பெயர்கள் மாறின. சுரேஷ்பாபு மானே, ஹீராபாய் படோதேகர், சரஸ்வதி ரானே என்று பிற்பாடு நாடே கொண்டாடிய பாடகர்கள் அவர் பிள்ளைகள், அவர் பெயரில்லாமல். பெண்கள் டிக்கெட் போட்டு மேடையில் பாடுவது வழக்கமில்லாத காலத்தில் பாடிக் காட்டியவர் ஹீராபாய். அந்த வீட்டில் யார் பக்கம் நியாயம் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டேன்.

இவ்வளவும் படித்த பிறகும் அவர் பாடி ஒரு வரி கேட்கவில்லை. கேட்காமலே ரயிலில் அவர் குரலை வர்ணித்துக்கொண்டிருந்தேன். ‘சாரங்கி மாதிரி ஒரு இழைவு சார்’ என்பேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

ஒருநாள் அக்கா வீட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கைபேசியில் அவருடைய இசைத்தட்டுகளைத் தேடி ஓட விட்டேன். முதலில் எது வருகிறதோ அதைக் கேட்போம் என்று பெயரைக்கூடப் பார்க்கவில்லை. கரகரப்புக்கு நடுவே மெல்லிய குரல் ஒன்று மேலே ஏறியது. வியாதி தலைதூக்கியது. பக்கத்தில் ஈஸி சேரில் சாய்ந்திருந்த அத்தானிடம், “இது அவங்க காஃபி, அத்தான். ராத்திரி ராகம். கிரானாவில இதை எப்படி விரிப்பாங்கன்னா...” என்று ஆரம்பித்து வெகுநேரம் விளக்கினேன்.

அத்தானுக்கு சங்கீதம் தெரியாது. தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார். கண்ணைத் திறக்காமலே கேட்டார். “ஏன் மாப்பிள்ள, இது ‘ராம நீ ஸமானமெவரு’ இல்ல? எங்க ஊர்க் கோயில்ல நாகஸ்வரத்தில வாசிப்பாங்களே.”

அதுவேதான். தியாகராஜர் கிருதி, கரஹரப்ரியா. மைசூர் அரண்மனைக்குப் போய் வந்துகொண்டிருந்த கான் சாகிப் தெற்கத்திச் சங்கீதத்தைக் காது கொடுத்துக் கேட்டார், அதோடு நிற்காமல் பாடி இசைத்தட்டும் கொடுத்தார் என்று நானே ரயிலில் சொற்பொழிவு ஆற்றியிருந்தேன். சாவேரியில் ஸ்வரம் பாடியிருக்கிறார் என்றும் சொல்லியிருந்தேன். போகிற வழியில் தார்வாடில் தங்கும்போது கங்குபாய் ஹங்கலின் தாயார் அம்பாபாய் பாடுகிற கர்நாடக சங்கீதத்தை அவர் விரும்பிக் கேட்பார் என்பதும் என் சொற்பொழிவில் உண்டு. எல்லாத் தகவலும் கைவசம் இருந்தது. பாட்டு வந்து கதவைத் தட்டியபோது மட்டும் யாரென்று தெரியவில்லை. நேராக நிற்கிற ஸ்வரங்களும் அந்த உச்சரிப்பும் என்னை ஏமாற்றிவிட்டன என்று அத்தானிடம் காரணம் சொன்னேன். “இருக்கும் மாப்பிள்ள” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அவருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பிறகு பூனா. எங்கள் கம்பெனிக்கு அங்கே ஒரு கிளை உண்டு. டிசம்பரில் ஆடிட்டுக்கு ஆள் வேண்டும் என்றதும் கையைத் தூக்கினேன். டிசம்பரில் மெட்ராஸை விட்டு வெளியே போகிறவனைப் பற்றி மயிலாப்பூரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சவாய் கந்தர்வ மகோத்சவம் நடக்கிற மாதம் அது.

சவாய் கந்தர்வர், அதாவது குந்த்கோலைச் சேர்ந்த ராம்பாவ், கான் சாகிபின் நேர் சிஷ்யர். 1952இல் அவர் காலமானார். மறு வருஷமே பூனாவில் அவர் பேரில் விழா ஆரம்பித்தது. அதைத் தோளில் சுமந்தவர் பீம்சேன் ஜோஷி. பீம்சேனை இந்த வழியில் தள்ளிவிட்டதும் கான் சாகிபின் குரல்தான். கதக் ஊரில் பள்ளி ஆசிரியரின் பிள்ளை. ஜிஞ்ஜோட்டியில் கான் சாகிப் பாடிய ஒரு தும்ரி இசைத்தட்டைக் கேட்டு, இப்படிப் பாடக் கற்றே தீர வேண்டும் என்று 1933இல் வீட்டை விட்டு ஓடினார். வயது 11. டிக்கெட் இல்லாத ரயில் பயணம், குவாலியர், கல்கத்தா, கடைசியில் ஜலந்தர். அப்பா தேடி வந்து கூட்டிப்போனார். அதற்குப் பிறகுதான், தேடிய குரு சொந்த ஜில்லாவிலேயே இருக்கிறார் என்று தெரிந்து 1936இல் சவாய் கந்தர்வரிடம் போய்ச் சேர்ந்தார். தண்ணீர் சுமப்பதும் அங்கே பாடத்தில் சேர்த்தி.

பதினோரு வயதில் நானும் வீட்டை விட்டு ஓடியவன்தான். லஸ் முனை வரைக்கும். பசித்தது, திரும்பிவிட்டேன்.

பூனா விழாவில் நாற்காலி உண்டு, தரையும் உண்டு. தரையில் விரித்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கேட்பதுதான் அங்கே பழைய மனிதர்களுக்குப் பிடித்தது. வீட்டிலிருந்து தலையணை, போர்வை, பிளாஸ்க் எல்லாம் கொண்டு வருகிறார்கள். ஒரு காலத்தில் விடிய விடிய நடந்த விழா. ஒலிபெருக்கிச் சட்டம் வந்த பிறகு பத்து மணிக்கே கடையைக் கட்டவேண்டியிருக்கிறது. எனக்குப் பக்கத்தில் ஒரு ஆஜி, அதாவது பாட்டி, மடியில் நூற்கண்டு வைத்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். பின்மதியம். மேடையில் கிரானா வழிப் பாடகர் ஒருவர் கீழ்ஸ்தாயியில் தொடங்கினார்.

எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. இது நம் சுபபந்துவராளி! சுபபந்துவராளிக்கு அவர்கள் ஊரில் பெயர் தோடி. எந்தப் புத்தகத்திலும் இருக்கிற சங்கதி. இந்த இடத்தில் சாதாரண மெட்ராஸ்காரன் தடுமாறுவான், நான் தடுமாறமாட்டேன். ஆஜி பக்கம் சாய்ந்து, கொஞ்சம் தலையை ஆட்டி, “தோடி” என்றேன்.

ஆஜி என்னைப் பார்த்தார். பின்னல் ஊசியைக் கீழே வைத்தார். கையைத் திருப்பிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் மறுபடி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஊசியை எடுத்துக்கொண்டார்.

தோடி காலை ராகம். அங்கே பாடிக்கொண்டிருந்தது முல்தானி. அதே ஸ்வரங்கள்தான், ஆனால் நடையே வேறு. ஏறும்போது ரிஷபமும் தைவதமும் தொடக்கூடாது, நேரம் பின்மதியம். அங்கே ராகத்தைக் கண்டுபிடிக்க முதலில் மணி பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். நம் சபாக்களில் சாயங்காலம் ஆறரைக்கு பௌளி பாடினாலும் யாரும் புருவத்தைத் தூக்குவதில்லை. நானும் இந்தப் பக்கத்து ஆள்தானே.

சரி, ராகம் போனால் போகட்டும், தாளமாவது போடலாம் என்று பார்த்தேன். நம் ஊரில் தாளம் போடத் தெரிந்தவனுக்கு முன்வரிசையில் ஒரு மரியாதை உண்டு. தொடையில் தட்டுகிற சத்தம் பாடகருக்கே கேட்க வேண்டும். அங்கே விளம்பித ஏக்தாளம். மாத்திரை பன்னிரண்டுதான். ஆனால் ஒவ்வொரு மாத்திரையையும் இழுத்துக் கொண்டுபோகிறார்கள், ஒரு சுற்று முடிய முக்கால் நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. போர்வைக்குள் விரல் மடக்கி எண்ணினேன். ஏழாவது மாத்திரைக்குப் பிறகு, மிச்சமிருந்த ஆடிட் வவுச்சர்கள் ஞாபகத்துக்கு வந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் விரல் எங்கே நிற்கிறது என்று தெரியாது. பாடகரானால் அங்கே இங்கே சுற்றி, தப்பிக்கவே முடியாது என்று தோன்றுகிற இடத்திலிருந்து நழுவி வந்து, பாட்டின் முகத்தைச் சரியாக சம்மில், அதாவது சுற்றின் முதல் மாத்திரையில், கொண்டுவந்து வைக்கிறார். சபை முழுவதும் ‘ஆஹா’ என்கிறது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு என் ‘ஆஹா’ மட்டும் தனியாகக் கேட்கிறது.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆஜி ஒவ்வொரு சம்மிலும் தலையை லேசாகக் கீழே இறக்குகிறார், ஊசியும் அங்கே ஒரு கணம் நிற்கிறது. எண்ணவே வேண்டாம், ஆஜியைப் பார்த்தால் போதும். இரண்டு மூன்று சுற்றுக்கு மிகச் சரியாக ‘வாஹ்’ சொன்னேன். முன்னால் இருந்த ஒருவர் திரும்பி மரியாதையாகக்கூடப் பார்த்தார். அந்த ஜோரில் அடுத்த முறை ஆஜியின் தலை இறங்கியதும் இன்னும் உரக்க, “க்யா பாத் ஹை!” என்றேன். ஆஜி திடுக்கிட்டு விழித்துக்கொண்டார். பாவம், தூங்கியிருக்கிறார். மேடையில் தபலாக்காரர் அப்போது அந்தரத்தில் எங்கோ ஐந்தாம் மாத்திரையில் இருந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் முறையாகக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். தார்வாட் பக்கத்திலிருந்து வந்து நங்கநல்லூரில் குடியிருந்த ஒரு டீச்சர், என்னைவிட ரொம்பச் சின்னவர், சேர்த்துக்கொண்டார். முதல் பாடம் ஸட்ஜம். இரண்டாம் பாடம் ஸட்ஜம். பிறகும் ஸட்ஜம். ஒரு ஸ்வரத்தில் போய் உட்கார்ந்து அதன் மூலை முடுக்கெல்லாம் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்வரத்துக்கு நகர்வது கிரானாவின் வழி. யமனுக்கு, அதாவது நம் கல்யாணிக்கு, வந்து காந்தாரத்தைப் பிடிக்கச் சொன்னபோது நான் பிடித்தேன், கூடவே கொஞ்சம் அசைத்தும் கொடுத்தேன். கல்யாணி காந்தாரம் நம் கையில் சும்மா இருக்குமா?

“சார், ஸ்வரத்தை ஆட்டாதீங்க” என்றார் டீச்சர். “வையுங்க. வெச்சுட்டு, கையை எடுத்துடுங்க.”

வைத்தேன். கையை எடுத்ததும் அது விழுந்துவிட்டது. காந்தாரம் என்று நான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தது காந்தாரமே இல்லை, காந்தாரத்தைச் சுற்றியிருக்கிற ஆட்டம். ஆட்டத்தை எடுத்துவிட்டால், கொஞ்சம் கீழே, அபஸ்வரமாக ஒன்று நின்றது. அசைவு இருந்தவரை யாருக்கும் தெரியாது. கமகத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கமகம் தெரிந்தவர்கள் கையில் அது வேறு. என் கையில் அது போர்வை.

கான் சாகிபுக்கு இந்த ஒரு ஸ்வர விஷயத்தில் எவ்வளவு பிடிவாதம் என்று அப்போதுதான் லேசாகப் பிடிபட்டது. கே.பி. தேவல் என்ற ஓய்வுபெற்ற டெபுடி கலெக்டர் 22 சுருதிகளைக் கணக்குப்போட்டு அளக்கப் புறப்பட்டபோது, அளந்து பார்க்கத் தேர்ந்தெடுத்த குரல் கான் சாகிபுடையது. இசைத்தட்டில் அவருக்குக் கிடைத்தது ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். அதற்குள்ளும் ஒரு ஸ்வரத்தில் நிற்க அவருக்கு நேரம் இருந்தது. எனக்கு ஆயுள் முழுக்க இருந்தும் நிற்க முடியவில்லை.

விடியற்காலையில் மந்தர ஸ்தாயியில் ஸட்ஜத்தை நீட்டிப் பழக வேண்டும், கரஜ் சாதகம் என்று பெயர். கைபேசியில் தம்பூராவை ஓட விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நாலு நாலரைக்கு ஆரம்பித்தேன். சில நாள் கழித்துக் கீழ் வீட்டுக்காரர் மாடி ஏறி வந்தார். நல்ல மனிதர், குழைவாகவே கேட்டார். “சார், தப்பா நினைக்காதீங்க. விடியக்காலம் உங்க போர் மோட்டார்ல ஒரு சத்தம் வருது. பேரிங் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்கான், அனுப்பட்டுமா?” நான் பதில் தேடுவதற்குள் என் மனைவி உள்ளேயிருந்து, “அனுப்புங்க அண்ணா, நானும் சொல்லிட்டேதான் இருக்கேன்” என்றாள்.

மிரஜுக்குப் போய் ஒரு தம்பூரா வாங்கியதையும் சொல்லிவிட வேண்டும். கான் சாகிப் வாழ்ந்து, இப்போது தர்காவில் அடங்கியிருக்கிற ஊர். தம்பூரா செய்கிறவர்களின் தெருவே அங்கே இருக்கிறது. பண்டரிபுரம் பக்கத்திலிருந்து வருகிற பெரிய சுரைக்குடுக்கைகள் வாசலில் குவிந்து கிடக்கும். 2024இல் மிரஜ் தம்பூராவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. செய்தவர் என்னிடம் எந்த சுருதிக்கு வேண்டும் என்று கேட்டார். தெரியாது என்று சொல்வதற்கு வாய் வரவில்லை. “எல்லாத்துக்கும் வர்ற மாதிரி” என்றேன். அவர் சிரிக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. தம்பூரா இப்போது வீட்டில் உறையோடு நிற்கிறது. நவராத்திரியில் மட்டும் உறை கழன்று, கொலுவில் மீரா பொம்மைக்குப் பின்னால் வைக்கப்படும். வருகிறவர்கள், “யார் பாடுவாங்க?” என்று கேட்கிறார்கள். மனைவி சுண்டல் கொண்டுவர உள்ளே போய்விடுகிறாள்.

ஆனால் இவற்றில் எதுவும் அந்த ஸ்டேஷன் விஷயத்துக்குப் பக்கத்தில் நிற்காது.

நான் ரயிலில் கதை சொல்ல ஆரம்பித்த புதிதில், கூட வேலை பார்த்த ஒரு பையன் கேட்டான். “கரெக்டா எந்த இடம் சார்?”

எனக்கு எப்படித் தெரியும்? நான் படித்ததில் ஸ்டேஷன் பெயர் இருந்ததே தவிர இடம் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைதான் எனக்கு வராதே. கண்ணுக்கு எதிரே தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. “அதோ, அந்தக் குழாய்க்குப் பக்கத்தில” என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம், தலை எந்தப் பக்கம், தம்பூரா எந்தப் பக்கம் என்பதையும் கையால் காட்டினேன். பையன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கணம் நின்றான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நானும் கழற்றிவிட்டு நின்றேன்.

அது மெல்லப் பரவியது. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் குழாய்ப் பக்கம் எச்சில் துப்புவதை நிறுத்தினார்கள். நரசிம்மர் கோயிலுக்குப் பூ கொண்டுபோகிற ஒரு அம்மா, யாரோ பெரிய பாட்டுக்காரர் செத்த இடம் என்று கேள்விப்பட்டு, மிச்சமான கதம்பத்தில் ஒரு முழத்தைக் குழாயில் சுற்றிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் கடலை வாங்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கம் போக்குவரத்து நின்றுவிட்டது. போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக அங்கே இறங்கினேன். இரண்டு பையன்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஒருவன் இன்னொருவனுக்குக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். பெரிய உஸ்தாத், பாடிக்கிட்டே செத்துட்டாராம், இதோ இந்த வேப்ப மரத்தடியில்தான், ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்து சோடா கொடுத்திருக்கார், வேண்டாம்னுட்டாராம்.

சோடா புதிது. அதை நான் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நகர்ந்திருக்கலாம், வியாதி விடவில்லை.

“தம்பி, மரத்தடி இல்ல. அந்தக் குழாய்க்குப் பக்கத்தில.”

“இல்ல அங்கிள், இங்கதான். முன்னாடி எங்க ஆபீஸ்ல ஒரு சார் இருந்தாராம், மியூசிக்ல பெரிய ஆளு. அவர் காட்டின இடம்.”

“அவர் குழாயைத்தான் காட்டினார்” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

பையன் என் நெற்றியையும் கல்யாணப் பட்டு வேட்டியையும் பார்த்து, பெரியவர் மனம் நோகக்கூடாது என்று நினைத்திருப்பான் போல. பொறுமையாகவே சொன்னான். “யோசிச்சுப் பாருங்க அங்கிள். 1937ல இங்க ஏது குழாய்?”

அது எனக்குத் தோன்றவே இல்லை.